க்ளட்ச் மிதி இல்லாத போர்ஷேவும் என் இடது முழங்காலும்: 16 ஆண்டு அனுபவம்

பழுது பார்த்த வண்டி வீடு வந்து சேர்ந்த மறுநாள் காலையில், தேவகோட்டை நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணே, உங்க வண்டி மாதிரியே ஒண்ணு கோயம்புத்தூர்ல விலைக்கு வருது. விலையையும் குறைச்சுட்டாங்க. நம்ம ரெண்டு பேருக்கும் இடது கால்லதானே குறை, வாங்கலாமா?" என்று கேட்டார். வண்டியின் மேல் எனக்கிருந்த கோபம் அன்று ஆறியிருக்கவில்லை. அதனால் பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அந்தப் பதிலை இப்போது எழுதுகிறேன்.

எனக்கு இரண்டு வயதில் போலியோ வந்தது. இடது காலில் காலிப்பர் என்ற தாங்குச் சட்டம் அணிந்துதான் நடக்கிறேன். வலது கால் நன்றாக இருக்கிறது. சிங்கப்பூரில் தொழில் செய்துவிட்டு ஊர் திரும்பிய என் அம்மான், 2008ஆம் ஆண்டில், கானாடுகாத்தான் வீட்டு வண்டிக் கொட்டகையில் நின்ற இரண்டு கார்களில் ஒன்றை என்னை எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஒன்று முழு ஆட்டோமேட்டிக் பென்ஸ். மற்றது அவர் சிங்கப்பூரிலிருந்து கப்பலில் கொண்டுவந்த 1970ஆம் ஆண்டு போர்ஷே 911, க்ளட்ச் மிதி இல்லாமல் கையால் மட்டும் கியர் மாற்றும் ஸ்போர்ட்டோமேட்டிக் கியர் பெட்டி பொருத்தியது. வீட்டில் எல்லோரும் பென்ஸைத்தான் காட்டினார்கள், அவர்கள் சொன்னதில் நியாயமும் இருந்தது. ஆனால் அதுவரை நான் ஓட்டியதெல்லாம் பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர். அதை நிறுத்திய இடத்திலெல்லாம் மக்கள் முதலில் சக்கரத்தைப் பார்ப்பார்கள், பிறகு என் காலைப் பார்ப்பார்கள், அதற்குப் பிறகுதான் என் முகத்தைப் பார்ப்பார்கள். இந்தக் காரில் எனக்காக எதையும் வெட்டவோ ஒட்டவோ வேண்டியிருக்கவில்லை. க்ளட்ச் மிதி தொழிற்சாலையிலிருந்து வரும்போதே இல்லை. அதுவும் யாருடைய ஊனத்தையும் எண்ணி எடுக்கப்பட்டதன்று. நெரிசலில் மிதித்து அலுத்த அமெரிக்க வாடிக்கையாளர்களை மனத்தில் வைத்து, 1967இல் அந்த நிறுவனம் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் நடந்த 84 மணிநேர ஓட்டப் போட்டியை இதே வகைக் கியர் பெட்டி பொருத்திய 911 ஒன்று வென்றது. அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எரிச்சல் எங்கே பிறக்கிறது என்பது புரிய, இந்தப் பெட்டி வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கியரை நாம்தான் மாற்ற வேண்டும். முன்செல்ல, கீழ் கியரிலிருந்து மேல் கியர் வரை எல், டி, டி3, டி4 என்று நான்கு நிலைகள் உண்டு. கியர் லிவரின் அடியில் ஒரு மைக்ரோ சுவிட்ச் இருக்கிறது. லிவரில் கை பட்ட கணமே அது மின் வால்வைத் திறக்கும். எஞ்சின் காற்றை உறிஞ்சுவதால் உண்டாகும் வேக்குவம் (வெற்றிடம்), சர்வோ என்ற இயக்கியை இழுக்கும். எஞ்சினின் விசையைச் சக்கரங்களோடு இணைக்கும் க்ளட்ச்சைச் சர்வோ விடுவிக்கும். கையை எடுத்தால் க்ளட்ச் மறுபடி பிடித்துக்கொள்ளும். எஞ்சினுக்கும் க்ளட்ச்சுக்கும் நடுவே, ஆயில் வழியாக விசையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் ஒன்று இருப்பதால், கியரில் இருந்தபடியே வண்டியை நிறுத்தினாலும் எஞ்சின் அணையாது.

கை பட்டால் க்ளட்ச் விடும் என்றேன். முழங்கால் பட்டாலும் விடும். இது வலப்பக்கம் ஸ்டியரிங் உள்ள வண்டி. லிவர் என் இடது பக்கத்தில் இருக்கிறது. தசை வலுவில்லாத என் இடது கால், ஓட்டம் தொடங்கிச் சிறிது நேரத்தில் தானாகவே வெளிப்பக்கம் சாயும். காலிப்பரின் முழங்கால் பூட்டு நேராக லிவரில் போய் முட்டும். திருமயம் சாலையில் ஒரு லாரியை முந்துவதற்காக ஆக்ஸிலரேட்டரை மிதித்திருக்கும்போது அது நடந்தால், சக்கரத்துக்குப் போக வேண்டிய விசை அறுந்துபோய் எஞ்சின் மட்டும் அலறும். எதிரே பேருந்து வந்துகொண்டிருக்கும். நான் ஒரு கையால் என் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பேன். இடது காலுக்கு வேலையே இல்லை என்பதற்காகத்தான் இந்தக் காரைத் தேர்ந்தெடுத்தேன். அந்தக் கால் சும்மா இருப்பதைக்கூட இந்தக் கார் பொறுத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தபோது, முதல் ஆறு மாதம் நான் அதைக் கொட்டகையை விட்டு எடுக்கவே இல்லை.

பெருநகரப் பட்டறை ஒன்றில் இதற்கு வழி கேட்டேன். சுவிட்ச்சின் இடைவெளியைக் கூட்டிவிட்டால் லேசான உரசலுக்கு அது வேலை செய்யாது என்று சொல்லி, அப்படியே செய்து கொடுத்தார்கள். அதன் பிறகு நான் வேண்டுமென்றே கியர் மாற்றும்போதும் க்ளட்ச் தாமதமாக விட்டது. ஒவ்வொரு மாற்றத்திலும் பற்கள் அரைபடும் சத்தம் கேட்டது. ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு அளவுக்கே இருக்க வேண்டிய இடைவெளி அது. காரைக்குடியில் எங்கள் மெக்கானிக் அதைப் பழைய அளவுக்கே கொண்டுவந்துவிட்டு, "சுவிட்ச்சுல ஒண்ணும் தப்பு இல்லீங்கய்யா, காலுக்குத்தான் ஒரு தடுப்பு வேணும்" என்றார். வீட்டுப் பட்டாலையில் மராமத்து செய்தபோது மிஞ்சிய பர்மாத் தேக்குத் துண்டு ஒன்றைத் தச்சரிடம் கொடுத்தேன். சாண் உயரத்தில், மேல் விளிம்பில் தோலும் பஞ்சும் வைத்து, காரில் ஒரு துளைகூடப் போடாமல் இரண்டு பிடிகளால் நிற்கும்படி ஒரு பலகை செய்து தந்தார். 2009இலிருந்து என் முழங்கால் அதில்தான் சாய்ந்திருக்கிறது. தோலை இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. நீண்ட பயணத்தில் சாலை மோசமாக இருந்தால் கால் துள்ளிப் பலகையைத் தாண்டிவிடும். ஆகவே தொல்லை குறைந்தது என்று சொல்லலாம், தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன்.

இந்த முறை வந்த பழுது வேறு. புதுக்கோட்டையிலிருந்து திரும்பும்போது, திருமயம் கோட்டைக்கு அருகில் கூட்டத்துக்காக டி நிலைக்கு இறக்கினேன். பிறகு டி3க்கு மாற்ற லிவரை எவ்வளவு அழுத்தியும் அது நகரவில்லை. வேக்குவம் போய்விட்டது, க்ளட்ச் விடவே இல்லை. சாதாரண வண்டியாக இருந்தால் அடுத்த நிறுத்தத்தில் எஞ்சின் அணைந்திருக்கும், கட்டையை ஊன்றிக்கொண்டு வெயிலில் நின்றிருப்பேன். டார்க் கன்வர்ட்டர் இருந்ததால் டி நிலையிலேயே நின்று நின்று, எங்கும் அணையாமல், கானாடுகாத்தான் வீட்டு முகப்பு வரை வந்து சேர்ந்தேன். அதற்காக அந்தக் காருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். பட்டறையில் சர்வோ முழுவதையும் மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொன்னார்கள். நம் மெக்கானிக் எஞ்சினை ஓடவிட்டு, காதை வைத்துக் கேட்டு, 'உஸ்' என்ற சத்தம் வந்த இடத்தில் விரலை வைத்தார். நம் ஊர் வெயிலில் காய்ந்து வெடித்த ஒரு ரப்பர் ஹோஸ், அதாவது வேக்குவம் போகும் குழாய், விரல் நீளத்துக்குக் கீறியிருந்தது. இந்த வண்டியை வாங்குகிறவர்கள் எல்லா வேக்குவம் ஹோஸ்களையும் வாங்கிய மாதமே மாற்றிவிட வேண்டும். எஞ்சின் ஆயிலைத்தான் கன்வர்ட்டரும் பகிர்ந்துகொள்கிறது. எனவே எஞ்சின் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போது அளவு பார்க்கும் வழக்கத்தை ஒருநாளும் விடக்கூடாது.

பிள்ளையார்பட்டியில் சதுர்த்திக் கூட்டத்துக்கு நடுவே இதை ஊர்ந்து ஓட்டிப் பார்த்தவர்களுக்கு, நான் ஏன் இன்னும் வைத்திருக்கிறேன் என்று விளக்க வேண்டியதில்லை. பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், வண்டி ஆள் நடக்கும் வேகத்தில் தானே நகரும். 2014இல் மாருதி செலெரியோவோடு நம் நாட்டுக்கு வந்த, க்ளட்ச்சையும் கியரையும் தானே இயக்கிக்கொள்ளும் ஏஎம்டி கார்களில் கன்வர்ட்டர் கிடையாது. என் மருமகனின் ஏஎம்டி காரில் அப்படி ஊரும்போது சிறு சிறு உதறல் தெரிகிறது. அதிகாலையில் காரைக்குடியிலிருந்து வெறும் சாலையில் கிளம்பி, ஆக்ஸிலரேட்டரை விட்டு, லிவரை இரண்டு விரலால் பின்னுக்கு இழுத்து, கையை எடுத்து, மறுபடி மிதிக்கும் அந்த ஒரு வரிசை சரியாக அமைந்துவிட்டால், கியர் மாறியதே தெரியாது. முதுகுக்குப் பின்னால் ஆறு சிலிண்டரின் குரல் மட்டும் ஒரு படி இறங்கும். எந்தக் காலை நம்பி என்னை யாரும் ஓட்டுநர் என்று ஒப்புக்கொள்ளவில்லையோ, அந்தக் கால் அப்போது பலகையில் சாய்ந்து ஓய்வாக இருக்கும்.

வலது கால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இந்தக் கார் உதவாது. கையால் இயக்கும் ஆக்ஸிலரேட்டரும் பிரேக்கும் பொருத்த நினைப்பவர்களுக்கும் இதை நான் சொல்ல மாட்டேன். ஸ்டியரிங், விசை, கியர் என்ற மூன்று வேலைக்கு இரண்டு கை போதாது. இருக்கை மிகவும் தாழ்வு. பக்கவாட்டில் உட்கார்ந்து, இடது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்து, பிறகு வலது காலை எடுத்து வைக்கிறேன். இறங்கும்போது கூரை விளிம்பைப் பிடித்து எழ வேண்டியிருக்கிறது. பவர் ஸ்டியரிங் இல்லையே என்று பயப்பட வேண்டாம், எஞ்சின் பின்னால் இருப்பதால் முன்பக்கம் கனமில்லை. பிரேக்குக்கு, மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் சர்வோ கிடையாது, வலது காலில் நல்ல பலம் வேண்டும்.

ஆகவே நண்பருக்கு என் பதில், வாங்க வேண்டாம் என்பதுதான். அந்த வகைக் கியர் பெட்டியின் உற்பத்தி 1980இல் நின்றுவிட்டது. உதிரி பாகம் ஒவ்வொன்றுக்கும் வெளிநாட்டைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். அன்றாடம் கடைக்கும் மருத்துவமனைக்கும் போக ஒரே வண்டியாக இதை வைத்துக்கொள்வது சரியாகாது. அவருடைய சேமிப்புக்கு ஒரு நல்ல புதிய ஆட்டோமேட்டிக் கார் வரும், லிவரை அவர் முழங்கால் எத்தனை முறை முட்டினாலும் அது கண்டுகொள்ளாது. நேற்று தொலைபேசியில் இதையெல்லாம் தெளிவாகச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒரு தடவை ஓட்டிப் பாத்துக்கிறேண்ணே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வெயிலுக்கு முன் வரச் சொல்லியிருக்கிறேன். என் பலகையின் உயரம் அவருக்குப் பொருந்தாது, அவர் என்னைவிட உயரம். தச்சரையும் அன்று காலை வீட்டுக்கு வரச் சொல்லியாகிவிட்டது. அதே தேக்கில் இன்னும் ஒரு துண்டு மிச்சமிருக்கிறது.