ஹெல்மெட்டுக்குள் போடும் இயர்போன்: 4,799 ரூபாயைப் பறிகொடுத்தேன், நீங்களாவது ஏமாறாதீர்கள்

4,799 ரூபாய். நேற்று மாலை கடைக்காரர் ஒரேயடியாகக் கைவிரித்துவிட்டார். வயிறு எரிகிறது. பைக் ஓட்டும்போது போட்டுக்கொள்ள இயர்போன் தேடுகிறவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

நான் மருந்து விற்பனைப் பிரதிநிதி. திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையே நான்குவழிச் சாலையில் பைக்கில்தான் அலைச்சல். வழி சொல்லும் குரல் மெதுவாகக் காதில் விழ வேண்டும், ஹெல்மெட்டுக்குள் புகும் காற்றின் இரைச்சல் குறைய வேண்டும். தேவை இவ்வளவுதான். போனது கைப்பேசி உதிரிப்பொருள் விற்கும், கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கடைக்கு.

கையில் ஹெல்மெட்டுடன் நின்றதைப் பார்த்ததுமே கவுன்டரில் இருந்த தம்பி, "நானும் தினமும் பைபாஸில்தான் அண்ணே வருகிறேன்" என்று தன் சட்டைப்பையிலிருந்து அதே இயர்போனை எடுத்துக் காட்டினார். பிறகு புதிய பெட்டியைப் பிரித்து, அவரே என் காதில் பொருத்தி, மேலே ஹெல்மெட்டை மாட்டி, பக்கத்தில் இருந்த டேபிள் ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டார். ஃபேன் சத்தம் அப்படியே அடங்கியது. "காற்றெல்லாம் ஒரு பொருட்டே இல்லை அண்ணே. மழையிலும் போடலாம், ஒரு வருட வாரண்டி, என் பொறுப்பு." தானும் பைக் ஓட்டுகிறவன் என்று சொல்கிறவரை எப்படிச் சந்தேகிப்பது? 4,799 ரூபாயை எண்ணி வைத்தேன்.

அந்த ஃபேன் சோதனைதான் ஏமாற்று வேலை. இந்த இயர்போனில் இருக்கும் நாய்ஸ் கேன்சலிங் என்பது வெளிச்சத்தத்தை மைக்கில் வாங்கி, எதிரலை எழுப்பி அடக்குவது. ஃபேன் ஓசை, என்ஜின் உறுமல் போல ஒரே சீராக வரும் தாழ்ந்த சத்தத்துக்கு அது எடுபடும். ஹெல்மெட்டுக்குள் சுழலும் காற்று மைக்கின் துளையிலேயே மோதும்போது எடுபடாது. மோதுகிற காற்றே இரைச்சலாகிக் காதுக்குள் வந்துவிடும். சின்னாளபட்டி தாண்டி வேகம் 70-ஐத் தொட்டதும் ஹோவென்று ஒரே இரைச்சல். காதுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காம்பை ஹெல்மெட்டின் கன்னப் பஞ்சு அழுத்த, வழி சொல்லும் குரல் பாதியில் நிற்கிறது, வருகிற அழைப்பு துண்டாகிறது. கோடை ரோடு அருகே சிறு தூறல்தான். இடது பக்கம் அத்தோடு செத்துவிட்டது.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் புரட்டினால், மேலே பெரிய எழுத்தில் ஐபிஎக்ஸ்7. அதாவது ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் கிடந்தாலும் தாங்க வேண்டும். உள்ளே மடித்து வைத்திருந்த துண்டுச்சீட்டில் பொடி எழுத்தில் ஐபிஎக்ஸ்4, அதாவது தெறிக்கும் நீரை மட்டும் தாங்குமாம். ஒரே பொருளுக்கு இரண்டு தரம்! அந்தத் தூறலைக்கூடத் தாங்காததற்கு எந்த எண் இருந்தால் என்ன?

மறுநாள் போனால் அதே தம்பி, "பெட்டியைப் பிரித்துவிட்டீர்களே சார், திரும்ப எடுக்க முடியாது" என்கிறார். பிரித்ததே அவர்தான்! அடுத்த முறை, முதலாளி வெளியூர். அதற்கடுத்து, கம்பெனிக்குத்தான் அனுப்ப வேண்டும். பெட்டியில் அச்சிட்ட சேவை எண்ணை அழைத்தால் மணியே அடிக்கவில்லை. நேற்று முதலாளியே இருந்தார். பில்லை வாங்கிப் பார்த்து, "இதில் மாடல் பெயரே இல்லையே, எங்களிடம் வாங்கியதுதானா?" என்று கேட்டாரே பார்க்கலாம்! பில் போட்டது அவர்கள். 'உதிரிப்பொருள் 1, ரூ. 4,799' என்று எழுதியது அவர்கள் கை.

வாங்குவது பற்றி விரிவாகச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. காம்பு இல்லாமல், காதோடு காதாக அடங்கும் வடிவம் பாருங்கள். நுரை முனை நன்றாக அடைத்தாலே காற்றிரைச்சல் பெருமளவு குறையும், அதற்கு நாய்ஸ் கேன்சலிங் தேவையில்லை. தொட்டு இயக்கும் வகை வேண்டாம், அழுத்தும் பொத்தான் போதும். இரைச்சலை மிஞ்ச ஒலியைக் கூட்டாதீர்கள், போவது உங்கள் காது. பின்னால் வரும் ஆம்புலன்ஸும் கேட்காது. கடைக்குள் கேட்டுப் பார்ப்பது சோதனையே அல்ல. மாடல் எண் இல்லாத பில்லுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. பெட்டி, துண்டுச்சீட்டு, பில் மூன்றையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். 4,799 ரூபாயை விடப்போவதில்லை.