மாநகராட்சிப் பள்ளியா, பாளையங்கோட்டை உதவிபெறும் பள்ளியா?

ஆறாம் வகுப்புச் சேர்க்கை நெருங்கினால் நெல்லையில் வீட்டுக்கு வீடு இந்தப் பேச்சுதான்.

அரசு உதவிபெறும் தனியார் பள்ளிகளின் பலம் பழமை. பாளையங்கோட்டையைத் 'தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு' ஆக்கியவை மிஷனரிப் பள்ளிகள். டவுனில் பாரதி படித்த ம.தி.தா. இந்துக் கல்லூரிப் பள்ளிக்கும் அந்தப் பெருமை உண்டு. நல்ல மைதானம், வெளியூர்ப் பிள்ளைகளுக்கு விடுதி, கைகொடுக்கும் பழைய மாணவர்கள். விளையாட்டில் ஆர்வமுள்ள பையன் என்றால் நான் அங்கேதான் சேர்க்கச் சொல்வேன். ஆங்கிலவழிப் பிரிவு சுயநிதியா என்பதை மட்டும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். சுயநிதி என்றால் கட்டணம் உண்டு.

தேர்ச்சி விழுக்காட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். வாசலில் '100%' என்று பேனர் கட்டிய பள்ளியில், ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியது எத்தனை பேர் என்று கேளுங்கள். சுமாராகப் படிக்கிறவனை டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டால் நூறு தானாக வரும். அவனைச் சேர்த்துக்கொள்வது பெரும்பாலும் அரசுப் பள்ளி. அவனையும் வைத்துக்கொண்டு அங்கே 90 வந்தால், எனக்கு அதுதான் பெரிய மார்க்.

பேட்டை, மேலப்பாளையம் பக்கத்து மாநகராட்சிப் பள்ளிகளில் பீடி சுற்றும் தாய்மாரின் பிள்ளைகள் நிறைய. வீட்டில் முதலில் பள்ளிப்படி ஏறுகிறவர்களும் உண்டு. போனால் கரும்பலகை மூலையில் 'பதிவு', 'வருகை' என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். ஊரில் கோயில் கொடைத் திருவிழா முடிந்த மறுநாளும் அந்த இரண்டு எண்ணும் நெருங்கி இருந்தால், அங்கே வீடு தேடிப் போய்ப் பிள்ளையைக் கூட்டிவரும் ஆசிரியர் இருக்கிறார் என்று நம்பலாம். டவுன் கல்லணைப் பெண்கள் பள்ளியில் இடம் கிடைக்கப் பெற்றோர் முண்டியடிப்பதும் சும்மா இல்லை.

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். 'நம்ம ஆளுங்க அதிகம் உள்ள பள்ளி எது?' என்று விசாரித்துச் சேர்க்கிறவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். 2023இல் நாங்குநேரியில் பட்டியலினப் பையன் ஒருவனை, கூடப் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதையடுத்து அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு, அடுத்த வருடம் சாதியைக் காட்டும் கைக்கயிறுகளைப் பள்ளிக்குள் தடுக்கப் பரிந்துரைத்தது. எந்த வகைப் பள்ளியானாலும் பிள்ளைகளின் மணிக்கட்டைக் கவனியுங்கள். கலர் கயிறு கண்ணில் பட்டால் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். அவர் மழுப்பினால் வேறு பள்ளி பாருங்கள்.

சலுகையில் இரண்டும் ஒன்றல்ல. கல்லூரிக்குப் போனதும் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு, ஆங்கிலவழிக்குக் கிடையாது. அரசுப் பள்ளியில் (மாநகராட்சிப் பள்ளியும் இந்தக் கணக்குதான்) இரண்டு வழிக்கும் உண்டு. 2020இல் வந்த 7.5% மருத்துவ உள்ஒதுக்கீடோ அரசுப் பள்ளிக்கு மட்டுமே. பீடி சுற்றிப் படிக்கவைக்கும் அம்மா என்னிடம் கேட்டால், மகளை மாநகராட்சிப் பள்ளியில் சேருங்கள் என்று தயங்காமல் சொல்வேன். அதையும் ஆறாம் வகுப்பிலேயே செய்ய வேண்டும்: ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது அந்த ஒதுக்கீட்டின் நிபந்தனை.