பெரிய பறவையின் சிறகுக்குள் ஒரு தங்கூசி

ஐப்பசி மழையில் குமரி மாவட்டத்துக் கருங்கல் ஊர்ப் பக்கம் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்த வாரத்தில்தான் அமெரிக்கச் சிறுவர் பொம்மைத் தொடரான ‘செசமி ஸ்ட்ரீட்’டின் 56வது சீசன் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. 2025 நவம்பர் 10. முதல் தொகுதியில் நான்கு எபிசோட். தம்பியின் மகனுக்கு நாலு வயது. அவனை மடியில் வைத்துக்கொண்டு நான்கையும் பார்த்தேன். அவன் கேட்டதால் இரண்டை மறுபடியும் போட்டேன்.

பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பாருங்கள், பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். அதே சமயம் இந்தத் தொடரை நெஞ்சோடு வைத்திருக்கிற எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது. இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

எனக்கும் இந்தப் பொம்மைகளுக்கும் உள்ள உறவு குவைத்தில் தொடங்கியது. அப்பா அங்கே வேலை பார்த்தார். சால்மியாவில் இரண்டு அறை வீடு. மாலையில் டிவியில் ‘இஃப்தஹ் யா சிம்சிம்’ வரும். அலிபாபா குகையின் கதவைத் திறக்கிற மந்திரம்தான் அந்தப் பெயர். ‘சிம்சிம்’ என்றால் எள்ளு. ‘செசமி’ என்பதும் அதே எள்ளுதான். வளைகுடா நாடுகள் சேர்ந்து குவைத்தில் 1979 முதல் தயாரித்த அரபுப் பதிப்பு அது. எந்த நாட்டுப் பிள்ளைக்கும் விளங்க வேண்டும் என்று பொது அரபியில் பேசினார்கள். பெரிய உடம்போடு நடந்து வரும் நுஅமானும், வாய் ஓயாத மெல்ஸூன் கிளியும் எனக்கு அண்டை வீட்டுக்காரர்கள். அரபி எண்களை நான் அவர்களிடம்தான் படித்தேன். 1990 ஆகஸ்ட் 2ஆம் தேதி ஈராக் படை உள்ளே வந்தது. அம்மான் வரை பஸ், அங்கிருந்து பம்பாய்க்கு விமானம், பிறகு ரயில். நாகர்கோவிலில் இறங்கியபோது எங்களிடம் ஒரே ஒரு பெட்டி இருந்தது. அந்தத் தொடரும் அந்த வருடத்தோடு நின்றுபோனது. வீட்டை விட்டு வந்தது புரிவதற்கு முன்னால், மெல்ஸூனைப் பார்க்க முடியாது என்பதுதான் ஏழு வயதில் எனக்குப் புரிந்தது.

அமெரிக்க மூலத்தை நான் பார்த்தது வெகு காலம் கழித்து. இப்போது கடற்கரை ஊர் ஒன்றில் பாலர் பள்ளி டீச்சராக இருக்கிறேன். ஒரு நிகழ்ச்சி பிள்ளையை என்ன செய்கிறது என்று கவனிப்பது எனக்குத் தொழிலும்கூட.

மாற்றம் என்ன என்பதைச் சொல்கிறேன். 1969 நவம்பர் 10 அன்று தொடங்கியபோது ஒரு எபிசோட் ஒரு மணி நேரம். 2016இல் கட்டணச் சேனலான எச்பிஓவுக்குப் போனபோது அரை மணியாகச் சுருங்கியது. இப்போது நெட்ஃபிளிக்ஸில் அந்த அரை மணிக்குள்ளும் நடுவில் 11 நிமிடக் கதை ஒன்று. அதைச் சுற்றி மற்றப் பகுதிகள். எல்மோ, குக்கி மான்ஸ்டர், குரோவர், அப்பி ஆகிய பொம்மைகளைச் சுற்றியே கதைகள் ஓடுகின்றன. ‘எல்மோஸ் வேர்ல்ட்’ என்ற பழைய பகுதி திரும்பியிருக்கிறது. குக்கி மான்ஸ்டரின் உணவு வண்டியும் திரும்பியிருக்கிறது. ‘டேல்ஸ் ஃப்ரம் 123’ என்று புதிதாக ஒரு கார்ட்டூன் பகுதி சேர்ந்திருக்கிறது.

11 நிமிடக் கதை நன்றாக இருக்கிறது. இதை மனசாரச் சொல்கிறேன். தொடக்கம் எது, சிக்கல் எது, தீர்ந்தது எப்படி என்று நாலு வயதுப் பிள்ளையால் திருப்பிச் சொல்ல முடிகிறது. மருமகன் மறுநாள் காலையில் இட்லித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து முழுக் கதையையும் அவன் அம்மாவிடம் சொன்னான், ஒரு திருப்பம்கூட விடாமல். கதாபாத்திரத்தின் முகத்தில் கேமரா பொறுமையாக நிற்கிறது. எல்மோவுக்கு ஏமாற்றம் வந்தால் அந்த ஏமாற்றத்துக்கு நேரம் கொடுக்கிறார்கள். வேறு சிறுவர் நிகழ்ச்சிகள் மாதிரி மூன்று நொடிக்கு ஒருமுறை காட்சி வெட்டிக் கண்ணைக் குத்துவதில்லை. பார்த்து முடித்த பிறகு பிள்ளை முறுக்கேறித் திரிவதும் இல்லை. ‘தீந்துட்டா மாமி?’ என்று கேட்டுவிட்டு விளையாடப் போய்விட்டான்.

உணவு வண்டி அவனுக்கு உடனே விளங்கியது. எங்கள் தெருவுக்குத் தினமும் மீன் வண்டி வருகிறதே. 2017இல் இந்தப் பகுதி முதலில் வந்தபோது, ஒரு பிள்ளை சாப்பாடு கேட்கும். செய்ய ஆரம்பித்தால் ஒரு பொருள் குறையும். நீல நிறக் குக்கி மான்ஸ்டரும் இளஞ்சிவப்பு காங்கரும் அந்தப் பொருள் விளைகிற இடத்துக்கே வண்டியை விடுவார்கள். சாப்பாடு கடையில் பிறப்பதில்லை, வயலில் பிறக்கிறது என்பதை ஒரு பாடம் மாதிரி இல்லாமல் பயணமாகவே காட்டிய பகுதி. அது திரும்பி வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். மருமகன் டிவிக்கு முன்னால் ஒரு முந்திரிக்கொத்தை நீட்டினான். நீலக்காரன் வாங்கிக்கொள்ளாததில் அவனுக்கு மனசு கேட்கவில்லை. அதைத் தட்டில் வைத்து மூடி வைக்கச் சொன்னான்.

அந்தக் குக்கிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பொம்மை தின்னுகிற பிஸ்கட் உண்மையான பிஸ்கட் இல்லை. எண்ணெய் பட்டால் பொம்மையின் துணியும் ரோமமும் கெட்டுப்போகும் என்பதால் பொரியரிசி, பான்கேக் மாவு, காபித்தூள் எல்லாம் கலந்து, எளிதில் நொறுங்குகிற மாதிரி தனியாகச் சுடுகிறார்கள். சாக்லேட் துண்டு மாதிரி தெரிவது பசை. குக்கி மான்ஸ்டரை ஆட்டுவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஒரு கையைப் பொம்மையின் தலைக்குள்ளும் மறு கையை அதன் ஒரு கைக்குள்ளும் விடுவார். மற்றக் கைக்கு இன்னொருவர். இரண்டு மனிதர்கள் ஒட்டி நின்று, கைகளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கீழே வைத்த திரையைப் பார்த்தபடி ஒரே பசியை நடிக்கிறார்கள். 56வது சீசனிலும் இது மாறவில்லை. கணினியில் வரைந்து முடித்துவிடக்கூடிய காலத்திலும் துணிக்குள் கையை விட்டுத்தான் செய்கிறார்கள். இந்தத் தொடருக்கு நான் தரும் மதிப்பெண்ணில் பாதி இதற்கே.

‘பிக் பேர்ட்’ என்கிற பெரிய பறவைப் பொம்மையின் உள்ளே நடப்பதை அறிந்த நாளில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. எட்டடிக்கு மேல் உயரம். 1969இலிருந்து 2015 வரை உள்ளே இருந்தவர் கேரல் ஸ்பின்னி. அவருடைய வலது கை தலைக்கு மேல் தூக்கியபடி பறவையின் தலைக்குள் இருக்கும். சுண்டுவிரல் கண்ணிமையை அசைக்கும். இடது கை இடது சிறகுக்குள். அப்படியானால் வலது சிறகு? அதை ஒரு தூண்டில் நரம்பில் கட்டி, பறவையின் கழுத்துக்கடியில் ஒரு வளையம் வழியாக விட்டு, இடது மணிக்கட்டில் சேர்த்திருப்பார்கள். இடது கை இறங்கினால் வலது சிறகு ஏறும். வெளியே எதுவும் தெரியாததால் நெஞ்சில் ஒரு சின்ன டிவியைக் கட்டிக்கொண்டு அதில் தன்னைத் தானே பார்த்து நடப்பார். தூண்டில் நரம்பை எங்கள் ஊரில் தங்கூசி என்போம். என் வகுப்புப் பிள்ளைகள் எல்லோர் வீட்டிலும் அது சுருள் சுருளாகக் கிடக்கும். சூரை மீனைப் பிடிக்கிற அந்த நரம்புதான் நியூயார்க்கில் ஒரு மஞ்சள் பறவையின் சிறகைத் தூக்குகிறது என்று சொன்னபோது ஒரு பையன் ‘எனக்க அப்பா தங்கூசியா டீச்சர்?’ என்று கேட்டான். மறுநாள் வீட்டிலிருந்து ஒரு முழம் கொண்டுவந்தான். அதை வைத்து அட்டையில் ஒரு பறவை செய்தோம். இடது சிறகை இழுத்தால் வலது சிறகு ஏறியது.

இதே சிலிர்ப்பை நான் முன்பு ஒருமுறை அனுபவித்திருக்கிறேன். குவைத்திலிருந்து வந்த மறு வருடம் ஒரு கோயில் கொடையில் தோல்பாவைக் கூத்து. வெள்ளை வேட்டிக்குப் பின்னால் விளக்கு. ஆட்டுத்தோலில் வெட்டி வண்ணம் தீட்டிய ராமனும் ராவணனும். உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து சண்டை பிடித்தால் கூட்டமே உருண்டு சிரிக்கும். நான் மெல்ல எழுந்து திரைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். அத்தனை குரலுக்கும் ஒரே மனிதர். வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். ரகசியம் தெரிந்த பிறகும் முன்னால் வந்து உட்கார்ந்தபோது மறுபடியும் சிரிப்பு வந்தது. செசமி ஸ்ட்ரீட்டில் ஒரே அறையில் குடியிருக்கும் எர்னியும் பெர்ட்டும் ஆளுக்கொரு கட்டிலில் இருந்து வாதாடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உளுவத்தலையன்தான் நினைவுக்கு வருகிறான். மராட்டியத்திலிருந்து வந்து தலைமுறை தலைமுறையாக நம் மாவட்டத்தில் இந்தக் கூத்தை ஆடிய குடும்பங்களின் கைக்கும் அந்த நியூயார்க் கைக்கும் நான் வித்தியாசம் பார்ப்பதில்லை.

அதனால்தான் ‘டேல்ஸ் ஃப்ரம் 123’ எனக்கு ஒட்டவில்லை. 123ஆம் எண் கட்டடத்துக்குள் குடியிருப்பவர்களைக் காட்டுவது நல்ல யோசனை. ஆனால் கார்ட்டூனாக்கியதும் கை போய்விட்டது. மருமகனும் அந்தப் பகுதியில்தான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனான்.

இனி என் வருத்தம். அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் என் சித்தி மகளும் இதன் பைத்தியம்தான். அவள் மகளும் அதே வாரம் பார்த்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் ஒரு மணிக்கூர் இதையேதான் பேசினோம். ‘எக்கா, ஒரு கதை முழுசா பிள்ளைக்கு வெளங்குதுல்லா, அது போரும்’ என்றாள். டூட்டி முடிந்து வந்து மகளோடு உட்கார அவளுக்குக் கிடைப்பதே அரை மணி. அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நான் விடவில்லை. பெயரே ‘தெரு’ அல்லவா? பழைய ஒரு மணி நேரத்தில் கதைக்கு வேண்டாத மனிதர்களும் அந்தத் தெருவில் நின்றார்கள். படிக்கட்டில் உட்கார்ந்தார்கள், சும்மா பேசினார்கள், கடைக்கு வந்தார்கள். இப்போது பெரியவர்கள் வருகிறார்கள், கதைக்கு வேண்டியதைச் சொல்கிறார்கள், போய்விடுகிறார்கள். தெரு பின்னணிச் சுவராகிக்கொண்டு வருகிறது.

சும்மா நிற்கிற பெரியவர்களால் என்ன பயன் என்று அவள் கேட்டாள். நான் ஹூப்பரைப் பற்றிச் சொன்னேன்.

ஹூப்பர் அந்தத் தெருவின் மளிகைக்காரர். நடித்தவர் வில் லீ. 1969 முதல் வருடக்கணக்காக அந்தக் கடையில் நின்றார். பெரிய பறவை அவர் பெயரை எப்போதும் தப்பாகச் சொல்லும், அவர் திருத்துவார். 1982 டிசம்பரில் வில் லீ இறந்துபோனார். வேறு நடிகரைப் போடவில்லை, ஊருக்குப் போய்விட்டார் என்று சொல்லவும் இல்லை. 1983 நவம்பர் 24 அன்று, வீட்டில் எல்லோரும் கூடியிருக்கும் நன்றி நவிலும் நாளில், ஒரு எபிசோட் வந்தது. பெரிய பறவை எல்லோரையும் படம் வரைந்து கொடுக்கிறது. ஹூப்பர் படத்தைக் கொடுக்க அவரைத் தேடுகிறது. அவர் இறந்துவிட்டார், இனி வரமாட்டார் என்று பெரியவர்கள் கண்கலங்கிச் சொல்கிறார்கள். தூங்குகிறார், தூரமாய்ப் போயிருக்கிறார் போன்ற சொற்களை வேண்டுமென்றே தவிர்த்தார்கள். பிள்ளைகள் அதை அப்படியே நம்பிக் காத்திருக்கும் என்று மனநல நிபுணர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதிய காட்சி.

இதை நான் பார்த்தது 2018இல். ஒக்கி புயல் அடித்தது 2017 நவம்பர் 29 இரவும் மறுநாளும். என் வகுப்பில் ஒரு பெண் பிள்ளையின் அப்பா ஆழ்கடலுக்குப் போனவர், வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அவள் தினமும் ஒரு விசைப்படகு வரைவாள். ‘அப்பா எப்பம் வரும் டீச்சர்?’ என்று கேட்பாள். ‘வருவாரு மக்களே’ என்று நான் சொன்னேன். நாலு மாதம் அதைச் சொன்னேன். அந்த எபிசோடைப் பார்த்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பிறகு அவள் அம்மாவிடம் போய்ப் பேசினேன். அவரும் அழுதார், பிறகு சரி என்றார். இரண்டு பேருமாகப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உண்மையைச் சொன்னோம். அவள் படகு வரைவதை நிறுத்தவில்லை. எப்போது வரும் என்று கேட்பதை நிறுத்தினாள்.

ஹூப்பரின் சாவைப் பிள்ளைகளிடம் சொல்ல முடிந்ததற்குக் காரணம், அதற்கு முன்னால் 13 வருடம் அவர் சும்மா அந்தக் கடையில் நின்றதுதான். யாரும் எந்தப் பாடத்துக்காகவும் அவரை நிறுத்தவில்லை. இன்றும் அந்தக் கடை ஹூப்பர் பெயரில்தான் இருக்கிறது. 1998 முதல் ஆலன் நடத்துகிறார். ஆலனுக்கு ஒரு எபிசோடில் இரண்டு நிமிடம் கூடுதலாகக் கொடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். அவர் டீ ஊற்றட்டும், கணக்கு எழுதட்டும், ஓவல்டின் இருக்கிறதா என்று தேடட்டும். சித்தி மகள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். ‘அது செரிதான் எக்கா’ என்றாள். 11 நிமிடக் கதையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

மற்றபடி நடைமுறை விஷயங்கள். நாங்கள் வைத்திருப்பது ஒரு திரைக்கான 199 ரூபாய்த் திட்டம். பொம்மைகளின் ரோமம் தெளிவாகத் தெரிய அதுவே போதும். நாங்கள் ஆங்கிலத்தில்தான் பார்த்தோம். நான் பக்கத்தில் இருந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன், அதனால் கதை நடுவில் இரண்டு மூன்று இடத்தில் நிறுத்தினோம். அமெரிக்காவில் இதே எபிசோட்கள் அதே நாளில் பிபிஎஸ் தொலைக்காட்சியிலும் இலவசமாக வருகின்றன. எச்பிஓ காலத்தில் காசில்லாத வீட்டுப் பிள்ளை ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. காசில்லாத பிள்ளைக்காகவே தொடங்கிய நிகழ்ச்சி அது. அந்தக் காத்திருப்பை ஒழித்தது இந்த ஒப்பந்தத்தின் மிகப் பெரிய நன்மை.

அடுத்த தொகுதி வரும்போது சந்தா இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லித் தம்பியிடம் சொல்லிவிட்டேன். மூடி வைத்த முந்திரிக்கொத்தை மூன்றாம் நாள் மருமகனே தின்றுவிட்டான். நீலக்காரன் வரும்போது புதிதாகச் செய்து தர வேண்டுமாம். பாசிப்பயறு வறுத்து வைத்திருக்கிறேன்.