ஒரு விடுகைப் பத்திரத்துக்காக நான்கு நாள்

ரொறன்ரோவில் இருந்து ஊருக்குப் புறப்பட்டபோது என் கைப்பையில் பழைய மாணவி ஒருத்தியின் அதிகாரக் கடிதம் இருந்தது. யாழ்ப்பாணத்தின் வலிகாமத்தில் நான் கணிதம் கற்பித்த பாடசாலையில் 1995 வரை படித்த அவளுக்கு, தொழிற்பதிவு ஒன்றுக்காக பாடசாலையை விட்டு விலகியதற்குச் சான்றான விடுகைப் பத்திரத்தின் உறுதிப்படுத்திய பிரதி தேவைப்பட்டது. "போறனீங்கள்தானே ரீச்சர், ஒருக்கா எடுத்துக்கொண்டு வாங்கோ" என்று அவள் கேட்டபோது அரை நாள் வேலை என்றே நினைத்தேன்.

கொழும்புக் கோட்டையில் இருந்து வந்த ரயில் பயணத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. நான் நாட்டைவிட்டுப் போன காலத்தில் அந்தப் பாதையே இருக்கவில்லை. 1990இல் நின்றுபோன சேவை 2014 ஒக்ரோபரில்தான் யாழ்ப்பாணம் வரை திரும்பியது. முன்பதிவு செய்யாமல் போவது மட்டும் புத்தியல்ல.

குறை சொல்லவேண்டியது அலுவலகத்தைப் பற்றித்தான். கல்வி அலுவலகத்தில் விசாரித்தபோது பாடசாலைக்குப் போகச் சொன்னார்கள். பாடசாலையில், மாணவர் விபரம் பதிந்த பழைய இடாப்பு கிடைக்காவிட்டால் அலுவலகத்தில்தான் கேட்கவேண்டும் என்றார்கள். எவரும் மரியாதைக்குறைவாகப் பேசவில்லை, இருக்கச் சொல்லித் தேநீரும் தந்தார்கள். ஆயினும் என்னென்ன கொண்டுவரவேண்டும் என்பதை ஒரே தடவையில் சொல்ல ஆள் இல்லாததால், அடையாள அட்டைப் பிரதிக்கு ஒரு நாளும் பிறந்த திகதிக்கு ஒரு நாளும் போயின. இரண்டாம் நாள் ரொறன்ரோவில் நள்ளிரவு என்றும் பாராமல் அந்தப் பிள்ளையை எழுப்பவேண்டியதாயிற்று.

மூன்றாம் நாள் எங்கள் பழைய உப அதிபரைப் பார்க்கப் போனேன். ஓய்வுபெற்றுப் பல வருடமாகிவிட்டது. காது மந்தம், நினைவு மட்டும் கூர்மை. என்னைக் கண்டதும் சுகம் விசாரிக்க முன்னரே, நான் திருப்பிக் கொடுக்காமல் போன மட்டப் பெட்டி ஒன்றைப் பற்றிக் கேட்டார். வந்த விடயத்தைச் சொன்னதும், "இடாப்பு துலைஞ்சுபோகேல்லை. விஞ்ஞான ஆய்வுகூடத்து அலுமாரியைத் திறந்து பாக்கச் சொல்லுங்கோ" என்றார்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, போரினால் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து மழைக்குள் செம்மணி வீதியாலும் நாவற்குழியாலும் தென்மராட்சிக்கு நகர்ந்தபோது, சேர்விடாப்புகளையும் சம்பவத்திரட்டுப் புத்தகத்தையும் தாயாரின் சேலையொன்றில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனவர் அவர். மறு வருடம் ஊர் திரும்பியபோது அலுவலக அறைக்குக் கூரை இல்லாததால் அவற்றை ஆய்வுகூடத்தில் வைத்தார். பின்னர் வந்த அதிபர்கள் எவருக்கும் அது தெரியாது. பாடசாலையின் நினைவு ஒரு மனிதரின் தலைக்குள் மட்டும் இருந்தது எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

நான்காம் நாள் அவரையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். அலுமாரியின் கீழ்த்தட்டில், அமில வாசனைக்கு நடுவே, ஓரம் கறையான் அரித்த நான்கு இடாப்புகள் கிடந்தன. எழுதுவினைஞராக இருந்த இளம்பெண் தாள்களைப் பிரித்த விதத்தை நான் மறக்கமாட்டேன். ஒட்டிக்கொண்ட பக்கங்களுக்கு இடையே அடிமட்டத்தை மெல்ல நுழைத்து, மூச்சுக்கூட விடாமல் எடுத்தாள். மாணவியின் பெயர் இருந்தது. விலகிய காரணம் எழுதும் கூட்டில் "இடப்பெயர்வு" என்று பென்சிலால், உப அதிபரின் சாய்ந்த எழுத்தில் இருந்தது. அதே சொல் அந்தப் பக்கத்தில் மேலிருந்து கீழாக வரிசைக்கு வரிசை வந்தது.

புதிய அதிபர் பின்னேரமே கையொப்பமிட்டார். இடாப்புகளைப் படம்பிடித்துக் கணினியில் சேர்க்கலாம் என்று நான் சொன்னதை அவர் மறுக்கவில்லை, ஸ்கானர் இல்லை என்றார். அதைப் பழைய மாணவர்களிடம் கேட்டிருக்கிறேன். இதுபோன்ற அலுவலாகப் போகிறவர்கள் சேர்விலக்கம், பாடசாலையில் சேர்ந்த ஆண்டு, பிறப்புச் சான்றிதழின் பிரதி, அதிகாரக் கடிதம் ஆகியவற்றுடன் போங்கள். அக்காலத்தில் அங்கே கற்பித்த ஒருவரை முதல் நாளே போய்ப் பாருங்கள்.