47 வயதில் ரீவைண்டிங் அப்ரண்டிஸ்: 5-க்கு 4

பல வருஷம் கணக்குப் பிரிவில் இருந்துவிட்டு, 47 வயதில் ஒரு மோட்டார் ரீவைண்டிங் பட்டறையில், அதாவது எரிந்த மோட்டாரின் பழைய கம்பிச் சுற்றை எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றிக் கொடுக்கும் இடத்தில், அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். பயிற்சி முடிந்து இப்போது அதே தொழிலில் வேறு இடத்தில் இருக்கிறேன். குறைகளும் சொல்லப் போவதால் பட்டறையின் பெயர் வேண்டாம். மார்க் போடச் சொன்னால் 5-க்கு 4.

அந்த ஒரு மார்க் எங்கே போனது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே, "சார், உங்களுக்குத்தான் கணக்கு நல்லா வருமே" என்று பில் புத்தகத்தை என் பக்கம் தள்ளிவிட்டார்கள். அப்புறம் ஸ்டாக், அப்புறம் வரி. பக்கத்து மேஜையில் இருபது வயசுப் பையன்கள் காயில் சுற்றிக்கொண்டிருக்க, விட்டுவிட்டு வந்த வேலையையே நான் பயிற்சிச் சம்பளத்துக்குச் செய்துகொண்டிருந்தேன். நடு வயதில் தொழில் மாறுகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான். மேஸ்திரியிடம் நேராகப் பேசி, பில் வேலை சாயங்காலம் அரை மணி நேரம் மட்டும் என்று முடிவான பிறகே ஸ்டேட்டர் (காயில்கள் உட்காரும், மோட்டாரின் சுழலாத பகுதி) என் கைக்கு வந்தது. கேட்டதும் மறுக்காமல் ஒப்புக்கொண்டார், அதையும் சொல்ல வேண்டும்.

சொல்லிக்கொடுத்த விதத்துக்கு முழு மார்க். எரிந்த மோட்டார் வந்தால் உடனே காயிலை வெட்ட விடமாட்டார் மேஸ்திரி. எப்படிக் கருகியிருக்கிறது என்று பார்க்கச் சொல்வார். எல்லா காயிலும் ஒரே மாதிரி கருகியிருந்தால் பெரும்பாலும் ஓவர்லோட், இல்லையென்றால் காற்றோட்டம் அடைபட்டிருக்கும். ஸ்டார் இணைப்புள்ள (மூன்று ஃபேஸ் காயில்களும் ஒரு முனையில் ஒன்றாகச் சேரும்) மூன்று ஃபேஸ் மோட்டாரில் இரண்டு ஃபேஸ் காயில்கள் கருகி, மூன்றாவது புதுசு போலவே இருந்தால், லைனில் ஒரு ஃபேஸ் வராமலே ஓடியிருக்கிறது. காயில்கள் முக்கோணமாகச் சேரும் டெல்டா இணைப்பில் இது தலைகீழ், ஒரு ஃபேஸ் மட்டும் கருகும். காரணத்தைச் சொல்லாமல் சுற்றி மட்டும் கொடுத்தால் அதே மோட்டார் திரும்ப வந்து நிற்கும், பெயரும் கெடும். வருஷக்கணக்கில் தணிக்கைக்குப் பதில் சொல்லிப் பழகிய எனக்கு இந்தப் பகுதி ரொம்பவே பிடித்துப்போனது.

வெட்டும் முன் எழுதிக்கொள்ள வேண்டியவை நிறைய: எத்தனை ஸ்லாட் (காயில் இறங்கும் பள்ளம்), ஒரு காயிலுக்கு எத்தனை சுற்று, எந்த ஸ்லாட்டில் தொடங்கி எதில் முடிகிறது, இணைப்பு எப்படி, கம்பி என்ன தடிமன். கம்பியை அளக்கும்போது மேலிருக்கும் எனாமலை எடுத்துவிட்டுத்தான் மைக்ரோமீட்டரில் வைக்க வேண்டும். எனாமலோடு அளந்தால் தடித்த கம்பியை வாங்கிவிடுவோம், ஸ்லாட்டில் அடங்காது. பட்டறையில் இதையெல்லாம் கையில் கிடைத்த அட்டைத் துண்டில் குறித்து வைப்பார்கள். நான் ஒரு நோட்டு போட்டேன். பழைய மோட்டார் ஒன்று திரும்ப வந்தபோது அந்த நோட்டு உதவியது. அன்றிலிருந்து பையன்களுக்கு நான் "சார்" இல்லை, "அண்ணே".

எனக்குச் சொல்லிக்கொடுத்த சீனியருக்கு என் வயதில் பாதிகூட இல்லை. அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. சிரமமாகத் தெரிந்தது என் கண் பார்வைதான். அரை மில்லிமீட்டர் கம்பியை ஸ்லாட் வாயில் ஒவ்வொன்றாக இறக்க, படிக்கிற கண்ணாடியோடு தனியாக ஒரு விளக்கும் தேவைப்பட்டது. விளக்கு நானே வாங்கியது.

இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்தது, தேர்ச்சியை யாரும் அபிப்பிராயமாகச் சொல்வதில்லை. மின்கசிவுத் தடையை அளக்கும் 500 வோல்ட் மெகர் கருவியை வைத்து, அதன் கைப்பிடியைச் சுற்றுவார்கள். காயிலுக்கும் பாடிக்கும் நடுவே 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் மோட்டார் வெளியே போகாது. காயில் சுற்றியவர் யார், எத்தனை வருஷ அனுபவம் என்றெல்லாம் மெகருக்குத் தெரியாது.

சிங்கிள் ஃபேஸ் மோட்டாரைக் கொஞ்சம் அவசரமாகவே முடித்துவிட்டார்கள். பயிற்சிச் சம்பளம் ஒழுங்காக வந்தது, ஆனால் குடும்பம் நடத்தக் காணாது. கையில் சேமிப்பு இல்லாமல் இறங்காதீர்கள். என்னென்ன வேலை எந்த வரிசையில் கற்றுத்தருவார்கள் என்பதை எழுதி வாங்குங்கள். வாய் வார்த்தையை இரண்டு பக்கமும் மறந்துவிடுகிறார்கள். வார்னிஷ் போடும் நாளில் ஒரு பகல் முழுக்கப் பட்டறையில் உட்கார்ந்தும் பாருங்கள். சிலருக்கு அந்த வாசனையில் தலைவலி வந்துவிடுகிறது.