பவர் பேலட் கவர்: தனியாகப் பாடுவதா, டூயட்டா?

எங்கள் ராக் பேண்டில் ஒரு பழைய பவர் பேலட்டை, அதாவது மெதுவாகத் தொடங்கிப் பெரிய உச்சத்துக்கு ஏறும் ராக் பாட்டை, கவர் செய்யலாம் (எங்கள் குரலில் மறுபடி பாடலாம்) என்று முடிவான அன்றே சண்டையும் தொடங்கிவிட்டது. பேஸ் வாசிப்பவர் டூயட் என்றார். கிதார்காரர் தனியாகத்தான் என்றார். பாட வேண்டியவன் நான். எனக்கு இரண்டின் மேலும் ஆசை. அதனால் முதலில் ஒரு பாடகியோடு சேர்ந்து டூயட்டாகச் சில மேடைகள், பிறகு தனியாகச் சில மேடைகள் என்று இரண்டையும் செய்து பார்த்தோம். இப்போது யாராவது கேட்டால் தனியாகப் பாடுங்கள் என்பேன். ஆகவே இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலிலேயே தாண்டிவிடலாம். டூயட் என்றால் இரண்டு பேருடைய ரசிகர்களும் வருவார்கள், கேட்பவர்களுக்கு ஒரு மாறுதல், பாடுபவருக்கு நடுவில் மூச்சு வாங்க இடம். தனி என்றால் ஒத்திகை சுலபம், யாருக்கு எந்த வரி என்ற பஞ்சாயத்து கிடையாது. சரி.

டூயட் பக்கம் உள்ள வலுவான வாதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜிம் ஸ்டைன்மேன் எழுதிய 'இட்ஸ் ஆல் கமிங் பேக் டு மி நவ்' முதலில் 1989-இல் பண்டோராஸ் பாக்ஸ் என்ற குழுவின் ஆல்பத்தில் வந்தது. 1996-இல் செலின் டியான் பாடி உலகம் முழுக்கக் கொண்டுபோனார். ராக் பாடகர் மீட் லோஃபுக்கு அந்தப் பாட்டின் மேல் பல வருடக் கண். ஆனால் ஸ்டைன்மேனைப் பொறுத்தவரை அது ஒரு பெண் பாட வேண்டிய பாட்டு. கடைசியில் 2006-இல் பாடகி மரியன் ரேவனோடு டூயட்டாகத்தான் மீட் லோஃப் அதைப் பாடினார், பிரிட்டனில் முதல் பத்துக்குள்ளும் வந்தது. தனியாகப் பாடினால் பொருந்தாது என்று தோன்றும் ஒரு பாட்டுக்குள் டூயட் என்ற கதவு வழியாக நுழைய முடிகிறது. இது பெரிய வசதிதான், மறுக்கமாட்டேன்.

இன்னொன்று, சீதர் என்ற ராக் குழுவின் 'புரோக்கன்'. 2002 ஆல்பத்தில் ஒரே குரலில் அமைதியாக இருந்த பாட்டை 2004-இல் பாடகி ஏமி லீயோடு மறுபடி பதிவு செய்தார்கள். இன்று பாட்டின் பெயரைச் சொன்னால் பெரும்பாலானவர்களுக்கு ஞாபகம் வருவது இரண்டாவதுதான். அது கவர் இல்லை, அவர்களுடைய சொந்தப் பாட்டு. ஆனாலும் ஒரே பாட்டைத் தனியாகவும் ஜோடியாகவும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. இந்த இரண்டையும் காட்டித்தான் பேஸ்காரர் என்னைச் சம்மதிக்க வைத்தார்.

சம்மதித்து ஒத்திகை அறைக்குப் போன பிறகுதான் சுருதி என்ற ஒன்று இருப்பது உறைத்தது.

எங்கள் பாட்டு இரண்டு கட்டை (கட்டை என்பது சுருதியின் அளவு, எண் கூடினால் பாட்டு உயரும்). சரணம் முழுக்க நடு ஷட்ஜத்துக்கும் ('ஸ') பஞ்சமத்துக்கும் ('ப') இடையிலேயே நடக்கும், கிட்டத்தட்டப் பேசுவது போல. பியானோ மட்டும் கூட வரும். பிறகு டிரம்ஸ் இறங்கும், கிதார் உறுமும், கோரஸில் மெட்டு மேல் ஸ்தாயிக்கு, அதாவது அடுத்த ஸ-ரி-க-ம அடுக்குக்கு, தாவி மேல் பஞ்சமத்தில் போய் நிற்கும். அந்த மேல் பஞ்சமம்தான் பாட்டு. இரண்டு கட்டையில் அந்த இடத்தைப் பொய்க்குரலுக்குப் போகாமல் நெஞ்சுக்குரலில் பிடிப்பது ஆணுக்குச் சாதாரண வேலை இல்லை. கழுத்து நரம்பு புடைக்கும், ஓரத்தில் லேசாகப் பிசிறடிக்கும். கேட்கிறவருக்கு மயிர்க்கூச்செறிவதும் அந்தப் பிசிறில்தான். நெருக்கிப் பார்த்தால் பவர் பேலட்டின் பவர் என்பது கிதார் சத்தத்தில் இல்லை. கீழே முணுமுணுத்துக்கொண்டிருந்த அதே ஆள் மூன்று நிமிடம் கழித்து அந்த உயரத்தில் தொங்குகிறாரே, அந்தத் தூரத்தில் இருக்கிறது.

இப்போது ஒரு பெண் குரலை உள்ளே விடுங்கள். நடு ஷட்ஜத்தில் தொடங்கும் சரணம் அவருக்குக் கிணற்றுக்குள் பேசுவது போல. பாட முடியாது. ஆகவே ஒரு ஸ்தாயி ஏற்றி எடுப்பார், அங்கே அவருக்குச் சௌகரியம். பிறகு கோரஸ் வருகிறது. மேல் பஞ்சமத்தில் நான் உயிரைக் கொடுத்துப் பிடிக்கும் அந்தச் சுரம் எது தெரியுமா? அவர் சரணத்திலேயே நாலு தடவை தொட்டுவிட்டு வந்த அதே சுரம். எனக்கு மேல் பஞ்சமம், அவருக்கு நடு பஞ்சமம். எனக்கு ஒரு ஸ்தாயி ஏற்றம் இருக்கிற இடத்தில் அவருக்கு ஏற்றமே இல்லை. இன்னொரு ஸ்தாயி மேலே போகலாமே என்றால், அங்கே போனால் அது ராக் பாட்டாக இருக்காது.

முதல் நாள் ஒத்திகையில் கண்ணெதிரே பார்த்தேன். கோரஸின் உச்சியில் நான் மைக் ஸ்டாண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, தலையை அண்ணாந்து நிற்கிறேன். பக்கத்தில் அவர் ஒரு கையில் தண்ணீர் பாட்டிலோடு அதே சுரத்தைச் சுத்தமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார். என்னைவிட நல்ல பாடகி. குறை அவருடையது இல்லை. பாட்டு முடிந்ததும் டிரம்ஸ் வாசிக்கும் தம்பி சொன்னான்: "அண்ணா, உங்களுக்கு உசிர் போகுது, அக்கா பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி பாடுறாங்க." அவரே விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் பிரச்சினையை அவ்வளவு துல்லியமாக வேறு யாரும் சொல்லவில்லை.

சரி, சுருதியை அவருக்காக மாற்றலாம் என்றார்கள். ஐந்து கட்டைக்கு ஏற்றினோம். உடனே அவர் குரல் விழித்துக்கொண்டது. சரணத்தில் தாழ்வாகக் கரகரத்தார், கோரஸில் மேல் பஞ்சமத்துக்குப் பாய்ந்தபோது அறையே அதிர்ந்தது. ஆனால் ஐந்து கட்டையின் மேல் பஞ்சமம் எனக்கு எட்டாக் கனி. ஒரு ஸ்தாயி இறக்கி எடுத்தால் என் உச்சி சாதாரணப் பேச்சுக்குரலுக்குச் சற்று மேலே வந்து நின்றுவிடுகிறது. இப்போது பஸ்ஸுக்குக் காத்திருப்பது நான்.

மூன்று கட்டையில் சமாதானம் பேசினோம். இது இன்னும் மோசம். சரணத்தின் தொடக்கம் அவர் குரலில் கேட்கவே கேட்காது, உச்சி எனக்கு மூன்று தடவைக்கு ஒரு தடவைதான் அமையும். போதாக்குறைக்கு இந்த வகைப் பாட்டுகளில் கடைசிக் கோரஸை ஒரு படி ஏற்றிப் பாடும் வழக்கம் உண்டு. அந்த ஏற்றத்தை எடுத்துவிட்டால் பாட்டு பாதியில் நின்ற மாதிரி இருக்கும், வைத்துக்கொண்டால் என் தொண்டை போய்விடும்.

நடுவில் சுருதி மாற்றும் யோசனையும் வந்தது. முதல் சரணம் என் சுருதியில், இரண்டாவது அவருடைய சுருதியில். இரண்டிலிருந்து ஐந்துக்குப் போவது காதுக்கு நன்றாகவே இருந்தது, கதவு திறக்கிற மாதிரி. ஆனால் கோரஸுக்காக மறுபடி இரண்டுக்கு வரும்போது மாடிப்படியில் கால் தவறின உணர்வு. உச்சத்துக்கு ஏற வேண்டிய இடத்தில் பாட்டு கீழே இறங்குகிறது. திரும்பி வராமல் ஐந்திலேயே இருந்துவிட்டால் பாட்டு அவருடையதாகிவிடும், நான் கீழே சுருதி சேர்க்கும் ஆள். அவர் பெயரில் வரும் கவர் என்றால் அது அருமையான ஏற்பாடு.

இதற்குப் பிறகு, ஜோடிக் குரல் நன்றாக வேலை செய்யும் பழைய பாட்டுகளைப் புதுக் காதோடு கேட்டேன். மீட் லோஃபின் 1993 பாட்டான 'ஐ'ட் டூ எனிதிங் ஃபார் லவ்' ஆல்பத்தில் பன்னிரண்டு நிமிடம் ஓடும். அதில் லொரெய்ன் கிராஸ்பி என்ற பாடகியின் குரல் கடைசிப் பகுதியில்தான் வருகிறது. அவர் மீட் லோஃபின் மெட்டைப் பங்குபோடவில்லை. தனக்கென்று ஒரு பகுதி, கேள்வி மேல் கேள்வியாக. 1983-இல் பாடகி பானி டைலர் பாடிய 'டோட்டல் எக்லிப்ஸ் ஆஃப் தி ஹார்ட்'டில் ரோரி டாட் என்ற ஆண் குரல் சின்னச் சின்ன அழைப்பாக வந்து போகிறது, உச்சி முழுக்கப் பானி டைலருக்கு. இரண்டும் ஸ்டைன்மேன் எழுதியவை. அந்த மனிதர் இரண்டு குரலையும் ஒரே ஏணியில் ஏற்றவே இல்லை, ஆளுக்கொரு வேலை கொடுத்திருக்கிறார். இருக்கிற பாட்டை வரி வரியாகப் பிரித்துக்கொள்ளும் டூயட் கவரில் அந்த வசதி கிடையாது.

புதிதாக ஒரு பகுதி எழுதிச் சேர்த்தால் என்ன என்று கேட்பீர்கள். மேடையில் யாரும் கண்டுகொள்ளாமல் இருக்கலாம், பதிவு செய்து வெளியிடும்போதுதான் சிக்கல். உதாரணமாக, அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு தரும் கட்டாய உரிமம் (உரிமையாளரின் சம்மதம் தனியாகக் கேட்காமலே கவர் வெளியிடக் கிடைக்கும் அனுமதி), பாட்டை உங்கள் பாணிக்கு ஏற்ப அமைத்துக்கொள்ள விடுகிறது. அடிப்படை மெட்டையும் பாட்டின் அடிப்படைத் தன்மையையும் மாற்ற விடுவதில்லை. யாருக்கு எந்த வரி என்று பிரிப்பது அப்படி அமைத்துக்கொள்வதில் அடங்கும். புது வரி எழுதுவது வேறு விஷயம், அதற்கு உரிமையாளரிடமே போய் நிற்க வேண்டும்.

சுருதிக்கு அடுத்தபடியாக என்னை உறுத்தியது, பாட்டில் வரும் 'நீ'. இந்த வகைப் பாட்டுகளில் பெரும்பாலும் ஒருவர் இன்னொருவரைப் பார்த்துக் கெஞ்சுகிறார். அந்த இன்னொருவர் அறையில் இல்லை. போய்விட்டார், அல்லது வரமாட்டார். டூயட்டில் அவர் மூன்று அடி தள்ளி நின்று பதில் பாடுகிறார். பிறகு கெஞ்சுவதற்கு என்ன இருக்கிறது? பதிவில் இது அவ்வளவு தெரியாது. மேடையில் நானும் அவரும் முகத்துக்கு முகம் பார்த்துப் பாடியபோது எங்களுக்கே சிரிப்பு வந்தது. மீட் லோஃப், மரியன் ரேவன் பாடியதில் இது உறுத்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்தப் பாட்டே பழைய உறவு திரும்பி வருவதைப் பற்றியது, இரண்டு பேருக்கும் அதில் இடம் இருக்கிறது. பாட்டைப் பொறுத்து இது மாறும்.

மேடை விஷயம் இன்னொன்று. அவருக்கு அவருடைய பேண்ட் இருக்கிறது. இரண்டு நிகழ்ச்சிகளுக்கு வர முடியவில்லை. மூன்று கட்டையில் அமைத்த பாட்டு, பாதி வரி அவருடையது, எல்லோரும் அந்தச் சுருதியிலேயே பழகிவிட்டார்கள். ஒரு தடவை நான் முழுவதையும் மூன்றிலேயே பாடி, மறுநாள் குரல் வராமல் கிடந்தேன். இன்னொரு தடவை பட்டியலிலிருந்தே பாட்டைத் தூக்கினோம். டூயட் கவர் என்பது ஒருவிதக் கூட்டுக் குடும்பம், ஒருவர் ஊருக்குப் போனால் அடுப்பு எரியாது.

நான் சொல்வதெல்லாம் ஆணும் பெண்ணும் பாடும் டூயட்டுக்குத்தான். ஒரே வகைக் குரல் இரண்டு சேர்ந்தால் இந்தச் சுருதிக் கதை பெருமளவு மாறிவிடும். எல்டன் ஜான் 1974-இல் பாடிய 'டோன்ட் லெட் தி சன் கோ டவுன் ஆன் மி'யை 1991-இல் வெம்ப்ளி அரங்கில் ஜார்ஜ் மைக்கேல் தனியாகத் தொடங்கி, பாதியில் எல்டனையே மேடைக்கு அழைத்தார். அந்தப் பதிவு பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. இரண்டு ஆண் குரல், ஒரே ஏணி, இரண்டு பேரும் ஏறுகிறார்கள். அப்படி ஒன்றை நான் செய்து பார்த்ததில்லை, அதனால் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. மேல் ஸ்தாயியில் அலட்டிக்கொள்ளாமல் பாடும் ஆண்களும், தாழ்ந்த குரல் பெண்களும் இருக்கிறார்கள். அப்படி ஒரு ஜோடி அமைந்தால் என் கணக்கு முழுக்கத் தப்பாகலாம். அப்புறம், உச்சிக்கே போகாமல் தாழ்வாக நகரும் பேலட்டுகளுக்கும் இந்தக் கவலை குறைவு. 'புரோக்கன்' அவ்வளவு நன்றாக அமைந்ததற்கு அதுவும் காரணம் என்று என் காதுக்குப் படுகிறது.

கடைசியில் கிதார்களை அரைக்கட்டை இறக்கி ட்யூன் செய்து, ஒன்றரைக் கட்டையில் நான் தனியாகப் பதிவு செய்தேன். அந்த அரைக்கட்டையில் என் தொண்டைக்கு நிம்மதி, கிதாருக்கும் கொஞ்சம் கனம் கூடியது. பாடகியைக் கடைசிக் கோரஸுக்கு மட்டும் கூப்பிட்டோம். மெட்டைப் பாட வேண்டாம், எனக்கு மேலே சேர்ந்து வாருங்கள் என்றோம். நான் பஞ்சமத்தில் நின்றால் அவர் அதற்கு மேல் நிஷாதத்தில் ('நி'). அது அவருக்கும் எளிதான உயரம் இல்லை. இரண்டாவது டேக்கில் தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு மைக்கை விட்டு ஒரு அடி பின்னால் போய்ப் பாடினார், கார்வையின் முடிவில் அவர் குரலும் லேசாகப் பிசிறடித்தது. அதையே வைத்துக்கொண்டோம். அவர் வராத நிகழ்ச்சிகளில் கிதார்காரர் அந்த நிஷாதத்தைக் கம்பியில் வாசித்துவிடுகிறார்.