27 எச்பி சின்ன டிராக்டர்: எந்தக் கருவிக்கு எந்த வேகம் சரியாக வருகிறது

சின்ன டிராக்டர் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை எச்பி, எத்தனை கிலோ தூக்கும் என்பதைத்தான். கேட்க வேண்டியதுதான். ஆனால் இந்த 27 எச்பி வண்டியில் (மூன்று சிலிண்டர், 9 முன் கியர், 3 பின் கியர்) மண்ணைச் சுழல் கத்திகளால் வெட்டிப் புழுதியாக்கும் ரோட்டவேட்டர், கொத்துக் கலப்பை, நீளக் குழாயில் வரிசையாக நாசில் வைத்து மருந்தடிக்கும் பூம் ஸ்பிரேயர், புல் வெட்டும் ஸ்லாஷர், குழி தோண்டும் கருவி என்று எல்லாவற்றையும் மாட்டி ஓட்டிப் பார்த்த பிறகு எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பிடிஓ (எஞ்சின் சக்தியைக் கருவிக்குக் கொடுக்கும், வண்டியின் பின்னால் சுழலும் தண்டு) நிமிடத்துக்கு 540 சுற்றில் ஓடிக்கொண்டிருக்கும்போது வண்டி எந்தெந்த வேகத்தில் நகர முடிகிறது என்று பாருங்கள், அதில்தான் வேலையின் தரம் இருக்கிறது. அந்தக் கணக்கில் இந்த வண்டி பெரும்பாலும் தேறுகிறது, ஒரு இடத்தில் மட்டும் நன்றாகவே உதைக்கிறது.

இந்த அளவு வண்டிகளுக்கு வரும் பிடிஓ கருவிகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 540 சுற்று என்ற கணக்கில் செய்யப்பட்டவை. இதில் எஞ்சின் 2500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 2500 சுற்று) வரும்போது 540 கிடைக்கிறது, மீட்டரிலும் அந்த இடத்தில் கோடு போட்டிருக்கிறார்கள். கை ஆக்சிலரேட்டரை அந்தக் கோட்டில் நிறுத்திவிட்டால் அப்புறம் வண்டியின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் கியர் மட்டும்தான். நிறைய பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், பெரிய கியரில் போட்டுக்கொண்டு வண்டி வேகமாகப் போகிறதே என்று ஆக்சிலரேட்டரைக் குறைக்கிறார்கள். வண்டி மெதுவாகிறது, கூடவே கருவியும் மெதுவாகிவிடுகிறது, வேலை கெட்டுப்போகிறது.

2500 ஆர்பிஎம்மில் நான் அளந்த வேகங்களைச் சொல்கிறேன். லோ வரிசையில் மணிக்கு 1.4, 2, 3.2 கி.மீ. மீடியத்தில் 4.2, 6, 9.6. ஹையில் 11, 15.6, 25. மட்கார்டில் ஒட்டியிருக்கும் வேக அட்டவணையை நம்பி இதை எழுதவில்லை, ஏனென்றால் அதில் போட்டிருப்பது எஞ்சினின் முழு வேகமான 2700 ஆர்பிஎம்முக்கான கணக்கு. பிடிஓ வேலை நடப்பது 2500-இல் என்னும்போது அந்த வேகத்தைத்தானே அச்சடித்துத் தர வேண்டும்? இது தயாரிப்பாளர்கள் சுலபமாகத் திருத்தக்கூடிய குறை, திருத்த வேண்டிய குறையும்கூட. நீங்களே அளந்துகொள்வது எளிது. வயலில் 50 மீட்டருக்கு இரண்டு குச்சி நட்டு, கருவியை மண்ணில் இறக்கி ஓட்டி, கடக்க எத்தனை நொடி ஆகிறது என்று பார்த்து, 180-ஐ அந்த நொடியால் வகுத்தால் மணிக்கு எத்தனை கி.மீ. என்று வந்துவிடும். 60 நொடி என்றால் 3, 45 நொடி என்றால் 4. வெறும் தரையில் அளக்காதீர்கள், இழுவையில் டயர் வழுக்கும்போது வேகம் குறைந்துவிடும்.

ரோட்டவேட்டரில்தான் இந்த வண்டி மனதைக் கவர்ந்தது. ஒரு கத்தி மண்ணை வெட்டிய இடத்துக்கும் அடுத்த கத்தி வெட்டும் இடத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதுதான் புழுதி எப்படி வரும் என்பதைத் தீர்மானிக்கிறது. என்னிடம் இருப்பதில் கத்திகளைப் பொருத்தும் தட்டின் ஒரு பக்கத்துக்கு 3 கத்தி, அந்தத் தட்டுகளைச் சுழற்றும் ரோட்டர் நிமிடத்துக்கு 200 சுற்று, ஆக 600 வெட்டு. மணிக்கு 3.2 கி.மீ. போனால் வெட்டுக்கு வெட்டு கிட்டத்தட்ட 9 செ.மீ. வருகிறது, முதல் ஓட்டத்துக்கு நல்ல அளவு. 2 கி.மீ.க்கு இறக்கினால் ஐந்தரை செ.மீ., விதைப்படுக்கை பொடியாக வரும். அதே 3.2-ஐ ஆக்சிலரேட்டர் குறைத்து ரோட்டரை 150 சுற்றில் வைத்துக்கொண்டு போனால் இடைவெளி 12 செ.மீ. ஆகிவிடும், கட்டி கட்டியாகப் பெயர்ந்துவிட்டு ‘ரோட்டவேட்டர் சரியில்லை’ என்று பழி வேறு விழும். பொடியாக வருகிறதே என்று எப்போதும் 1.4-இல் ஊர்ந்துகொண்டிருப்பதும் வேண்டாம், மண் மாவாகிவிட்டால் அடுத்த மழையில் மேலே ஓடு கட்டிக்கொண்டு முளை வெளியே வரச் சிரமப்படும். காய்ந்த கடின மண்ணில் 3.2-இல் எஞ்சின் திணறினால் ஆழத்தைக் குறைத்து இரண்டு ஓட்டமாக ஓட்டுவது நல்லது.

இதில் டபுள் கிளட்ச் இருப்பது பெரிய நிம்மதி. பாதி மிதித்தால் வண்டி மட்டும் நிற்கும், பிடிஓ சுற்றிக்கொண்டே இருக்கும், புல் சுற்றி அடைத்துக்கொண்டால் அப்படியே நின்று சுத்தமாக வெட்டவிட்டு நகரலாம். ஒற்றைக் கிளட்ச் வண்டியில் இரண்டும் சேர்ந்து நின்றுவிடும். திரும்பும்போது ரோட்டவேட்டரை உயரத் தூக்கினால் பிடிஓவையும் கருவியையும் இணைக்கும் ஜாயின்ட் அதிகமாக மடங்கி அடிக்கும், பிடிஓவை நிறுத்திவிட்டுத் தூக்குங்கள். ஜாயின்ட்டின் மேல் உறையைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது, 540 என்றால் நொடிக்கு 9 சுற்று, துணி மாட்டினால் கையை இழுத்துக்கொள்ள நேரமே கிடைக்காது.

கொத்துக் கலப்பைக்கு பிடிஓ தேவையில்லை, மீடியம் இரண்டாவதில் 6 கி.மீ. போகலாம். டயர் பட்டையின் அச்சு மண்ணில் செதுக்கி வைத்தாற்போல் தெளிவாக இருந்தால் பாரம் அதிகம், முழுக்க அழிந்து கிடந்தால் வழுக்கல் அதிகம், இரண்டுக்கும் நடுவில் லேசாகக் கலைந்து இருப்பதுதான் நல்ல இழுவை.

ஸ்பிரேயரில் வேகம் தப்பினால் மருந்தின் அளவே தப்பிவிடும். என் பூம் 6 மீட்டர், 12 நாசில், ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு ஒரு லிட்டர். 4.2 கி.மீ. வேகத்தில் ஏக்கருக்குச் சுமார் 116 லிட்டர் விழுகிறது, ஒரு கியர் கூட்டி 6-இல் போனால் 81 லிட்டர்தான். அழுத்தத்தைக் கூட்டிச் சரிக்கட்டலாம் என்று நினைக்காதீர்கள், நாசிலில் வரும் மருந்தின் அளவை இரண்டு மடங்காக்க அழுத்தத்தை நான்கு மடங்காக்க வேண்டும், அதற்குள் துளியெல்லாம் புகையாகிக் காற்றில் போய்விடும். எந்தக் கியரில் அளந்தீர்களோ அதே கியரில் கடைசிவரை அடியுங்கள்.

இந்த வண்டியில் 540இ என்று இன்னொரு பிடிஓ நிலையும் இருக்கிறது, எஞ்சின் 1800-இல் இருக்கும்போதே 540 சுற்று வந்துவிடும். ஸ்பிரேயருக்கும் லேசான புல்லுக்கும் அருமை, டீசலும் சத்தமும் குறைகிறது. ஆனால் எஞ்சின் குறைந்தால் எல்லாக் கியரின் வேகமும் சேர்ந்து குறையும் என்பதை மறக்கக் கூடாது, 6 என்பது 4.3 ஆகிவிடும். கடின மண்ணில் ரோட்டவேட்டருக்கு இதைப் போட வேண்டாம், அந்த ஆர்பிஎம்மில் எஞ்சினிடம் கையிருப்பு சக்தி போதாது.

இனி உதைக்கிற இடம். ஸ்லாஷருக்கு அடர்ந்த புதர் என்றால் 3.2 சரி, நடுத்தரப் புல் என்றால் 6 சரி. மட்டமான தரையில் மெல்லிய புல்லை 7.5, 8 கி.மீ.யில் வெட்டிக்கொண்டே போகலாம் என்றால் இந்த வண்டியில் அந்தக் கியரே இல்லை. 6-ஐ விட்டால் அடுத்தது 9.6, அதில் புல் வெட்டுப்படாமல் சாய்ந்து சாய்ந்து நிற்கிறது. 9.6-இல் போட்டு ஆக்சிலரேட்டரைக் குறைத்தால் கத்தி முனையின் வேகம் போய்விடும், புல் நாராய்க் கிழியும். புல் வெட்டுவதுதான் உங்களுக்கு முக்கிய வேலை என்றால் ஹைட்ரோஸ்டாட்டிக் (எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தை ஓட்டும்) வண்டியைப் பாருங்கள், பெடலில் எந்த வேகமும் கிடைக்கும். அதில் பழக வேண்டியது ஒன்று உண்டு, எஞ்சின் திணறும்போது கால் தானாக இன்னும் அழுத்தப் பார்க்கும், அங்கே பெடலைத் தளர்த்தினால்தான் இழுவை கூடும்.

குழி தோண்டும் கருவி மட்டும் 540 கோட்டுக்கு விதிவிலக்கு. 1200 ஆர்பிஎம் அளவிலேயே வைத்து மெதுவாக இறக்குங்கள், வேர் மாட்டினால் நிறுத்த அவகாசம் கிடைக்கும்.

மொத்தத்தில் ரோட்டவேட்டரும் ஸ்பிரேயரும் பிரதான வேலை என்றால் தயங்காமல் வாங்கலாம். காய்கறி நாற்று நடும் கருவி மாட்ட நினைப்பவர்களுக்கு 1.4 கி.மீ. கூட அதிக வேகமாகப் படலாம், அவர்கள் மிக மெதுவாக ஊர்ந்து போக உதவும் கிரீப்பர் கியர் உள்ள மாடலாகக் கேட்டு, வயலில் ஓட்டிப் பார்த்து எடுங்கள்.